தங்கவயலில் ஓடிய காவிரி

காவிரிக்கு இன்னொரு பெயர் பொன்னி. கோலார் தங்கச் சுரங்கங்களைத் தமிழர்கள் அழைக்கும் பெயர் தங்கவயல். ஆற்றின் பெயரில் பொன் இருக்கிறது, சுரங்கத்தின் பெயரில் வயல் இருக்கிறது. இரண்டு இடத்திலும் குனிந்து வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். இரண்டு இடத்திலும் விளைந்தது நம் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

டெல்டா மாவட்டங்களில் படிக்கும் நம் மாணவர்களிடம் தங்கவயலைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, 2018-இல் வந்த கே.ஜி.எஃப். என்ற கன்னடப் படம். இன்னொன்று, 2024-இல் வந்த பா. இரஞ்சித்தின் தங்கலான். முதல் படத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு கதாநாயகன் வந்து மீட்பதற்காகக் காத்திருக்கும் முகமற்ற கூட்டம். இரண்டாவது படம் அந்தக் கூட்டத்துக்கு முகமும் சாதியும் ஊரும் கொடுத்தது. அதற்காக அந்தப் படத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் படம் முடிந்து வெளியே வந்த பிறகு, "அது வட ஆர்க்காட்டுக்காரர்கள் கதை, நமக்கும் அதற்கும் என்ன?" என்று டெல்டாவில் யாராவது கேட்டால், அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி.

தங்கவயலுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர் பக்கத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் என்பது உண்மை. தஞ்சையின் பண்ணையாட்கள் தப்பிப் போன வழி வேறு. அவர்களுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் இருந்தது. அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல் ஏறினார்கள், மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனார்கள். வடக்கே இருந்தவர்கள் ரயிலேறி மாரிக்குப்பத்தில் இறங்கினார்கள். வழி வேறு, காரணம் ஒன்றுதான். உழுத நிலம் சொந்தமில்லை, உடம்பும் சொந்தமில்லை. அதோடு இன்னொன்றும் உண்டு. தங்கவயலையும் டெல்டாவையும் நேராகவே இணைத்த ஒரு பொருள் இருக்கிறது. அது காவிரித் தண்ணீர். அதற்குப் பிறகு வருவோம். முதலில் நம் ஊர்ப் பொன்னைப் பார்ப்போம்.

எடை போட்ட பொன், எண்ணாத மனிதர்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ஒரு பெரிய கணக்குப் புத்தகம். 1010-ஐ ஒட்டி முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த ஒவ்வொரு பொற்பாத்திரமும் ஒவ்வொரு நகையும் கழஞ்சு, மஞ்சாடி என்று நுணுக்கமாக எடை போடப்பட்டுக் கல்லில் ஏறியிருக்கிறது. விமானத்தின் உச்சிக் குடத்துக்குப் போர்த்திய பொன் மட்டும் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக் கூட விடாத கணக்கு. அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்தது என்பதையும் கல்வெட்டே சொல்கிறது.

அந்தக் கணக்கில் மனிதர்களும் உண்டு. கோயிலுக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வீட்டு வரிசையோடு இருக்கின்றன. கணக்கர், தட்டார், தையல்காரர், நாவிதர் என்று யாருக்கு எவ்வளவு பங்கு நெல் என்பது எழுதப்பட்டிருக்கிறது. நம் மக்கள் எங்கே இருக்கிறார்கள்? கோயிலுக்கு வரி வர வேண்டிய ஊர்களைப் பட்டியல் போடும் இடத்தில் இருக்கிறார்கள். சுடுகாடு, வாய்க்கால், குளம் போன்ற வரியில்லா இடங்களைக் கழிக்கும்போது, அவற்றோடு சேர்த்துப் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் கழிக்கிறார்கள். நிலத்தின் ஒரு வகையாக நாம் பதிவாகியிருக்கிறோம். பெயராக இல்லை.

இதை நாம் சொல்வது இராசராசன் மேல் உள்ள தனிப்பட்ட கோபத்தால் அல்ல. 2019-இல் திருப்பனந்தாளில் பா. இரஞ்சித் சோழர் கால நில உரிமை பற்றிப் பேசியதற்கு அவர் மேல் வழக்குப் பாய்ந்தது நமக்கு நினைவிருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த அரசனைத் தன் சாதிக்காரன் என்று ஒவ்வொரு சாதியும் சுவரொட்டி அடிக்கலாம். ஆண்டுதோறும் சதய விழாவில் மாலை போடலாம். அவன் காலத்துக் கல்வெட்டில் தீண்டாச்சேரி என்ற சொல் இருக்கிறது என்று நாம் படித்துக் காட்டினால் மட்டும் புண்படுகிறது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று. பொன்னின் எடையைப் பெருமையாகச் சொல்லும்போது, நெல்லை விளைவித்தவன் எந்தச் சேரியில் இருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இராசராசன் காலத்திலும் அவன் மகன் இராசேந்திரன் காலத்திலும் கங்கபாடியும் கோலார் பகுதியும் சோழர் ஆட்சிக்குள் இருந்தன. கோலாரின் பழைய பெயர் குவளாலம். அங்கே உள்ள கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இதை வைத்துத் தஞ்சைக் கோயில் பொன் கோலார் மண்ணிலிருந்து வந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாததை நாம் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தவன் பெயரும் எடையும் போதும், தோண்டியவன் பெயர் தேவையில்லை என்று நினைத்த கணக்கு முறைதான் நமக்கு முக்கியம். ஏனென்றால் அந்தக் கணக்கு முறை சோழர்களோடு முடிந்துவிடவில்லை.

யார் தோண்டினார்கள்

திப்பு வீழ்ந்த பிறகு மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி ஜான் வாரன், 1802-இல் மாரிக்குப்பம் பக்கத்தில் மண்ணைக் கழுவிப் பொன் எடுக்கும் மக்களைப் பார்த்தார். பறையர் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்துக் கூடையில் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கிக் கழுவினார்கள். அந்த மண்ணில் பொன் இருப்பது அந்த மக்களுக்கு ஏற்கனவே தெரியும். ஆனால் தங்கவயலின் வரலாறு எழுதும்போது "கண்டுபிடித்தவர்" என்ற இடம் வாரனுக்குப் போனது. 1870-களில் உரிமம் வாங்கிய மைக்கேல் லவெல் என்ற முன்னாள் படைவீரருக்குப் போனது. 1880 முதல் சுரங்கங்களை நடத்திய லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனிக்குப் போனது.

அந்தக் கம்பெனிக் காலத்தில்தான் தங்கவயல் நகரம் உருவானது. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவர்கள் மேற்பார்வை பார்த்தார்கள். அவர்களுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த அந்தச் சுரங்கங்களில், பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். அவர்களுக்கு மூங்கில் தட்டி வைத்த குடிசைகள், பிறகு ஒற்றை அறை லைன் வீடுகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே சூடாக இருக்கும். மேலே உள்ள பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். அப்படிப் பாறை வெடிப்பில் செத்தவர்கள் ஒரு பக்கம். கல் தூசியை மூச்சில் இழுத்து, நுரையீரல் இறுகிச் செத்தவர்கள் இன்னொரு பக்கம். அந்த நோயின் பெயர் சிலிக்கோசிஸ். 1940-களில் நடந்த மருத்துவச் சோதனையில், பரிசோதிக்கப்பட்ட தங்கவயல் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அது இருந்தது தெரிய வந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் கம்பெனிக்கு இருந்த பெரிய கவலை, தொழிலாளி பொன்னைத் திருடிவிடுவான் என்பது. கணக்கு காட்ட முடியாத தங்கத் தாது கையில் இருந்தாலே குற்றம் என்று சட்டம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் உடல் சோதனை. 1930-இல் எல்லாத் தொழிலாளர்களிடமும் கைரேகை எடுக்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வுக்காக அல்ல, "நாங்கள் குற்றவாளிகள் அல்ல" என்று சொல்வதற்காக. நம் இயக்க வரலாற்றில் மானத்துக்காக நடந்த போராட்டங்களை வரிசைப்படுத்தும்போது, வைக்கத்தையும் மகத்தையும் சொல்கிற நாம் தங்கவயலின் 1930-ஐயும் சொல்லப் பழக வேண்டும்.

களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கியதற்குத் திருட்டுப் பட்டம் கட்டிச் சவுக்கால் அடித்த பண்ணையையும், தாதுக்கல் ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைத் தடவிய கம்பெனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உழைப்பைத் திருடியவன்தான் உழைத்தவனைத் திருடன் என்று முதலில் சந்தேகப்படுகிறான்.

காவிரி எப்படித் தங்கவயலுக்குப் போனது

இப்போது தண்ணீருக்கு வருவோம். சுரங்கம் ஆழமாகப் போகப் போக, ஆட்களை இறக்கவும் கல்லை ஏற்றவும் தாதை இடிக்கவும் ஏராளமான விசை தேவைப்பட்டது. நிலக்கரி வெகுதூரத்திலிருந்து வர வேண்டும், செலவு அதிகம். மைசூர் அரசு காவிரியைக் காட்டியது. சிவசமுத்திரம் அருவியில் நீர்மின் நிலையம் கட்டப்பட்டது. 1902-இல் அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின்கம்பித் தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். காவிரி முதலில் வெளிச்சம் போட்டது நகரத்துக்கு அல்ல, பொன்னுக்கு.

கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் மின்சாரம் குறையும், சுரங்கம் நிற்கும். ஆண்டு முழுவதும் சீராகத் தண்ணீர் வேண்டும் என்பது கிருஷ்ணராஜசாகர் அணை கட்டப்பட்டதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. பாசனம் இன்னொரு காரணம். 1911-இல் தொடங்கிய அந்த அணைதான் சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடையிலான சண்டையைப் பெரிதாக்கியது. தஞ்சை டெல்டாவுக்கு வர வேண்டிய தண்ணீர் என்னாகும் என்று சென்னை கேட்டது. சமரசத் தீர்ப்பு, மேல்முறையீடு என்று இழுத்து, கடைசியில் 1924 ஒப்பந்தம் வந்தது. அதன் தொடர்ச்சியாகவே மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. ஐம்பது ஆண்டுக்குப் பிறகு 1974-இல் அந்த ஒப்பந்தத்தின் காலம் முடிந்ததாகக் கர்நாடகம் சொன்னது. அங்கிருந்து 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ஆக, காவிரிச் சிக்கலின் வேரைத் தேடிப் போனால் அதில் ஒரு நுனி தங்கவயலின் அடியில் இருக்கிறது. மேலே பொன்னுக்காகத் தண்ணீரைத் தேக்கினார்கள். கீழே நெல்லுக்காகத் தண்ணீரைக் கேட்டார்கள். இரண்டு அரசுகளும் பேசின, என்ஜினியர்கள் பேசினார்கள், பெரிய நிலக்காரர்கள் மனு போட்டார்கள். மேலே சுரங்கத்தில் இறங்கியவனும் கீழே சேற்றில் இறங்கியவளும் பேச்சுவார்த்தை மேசையில் எந்தப் பக்கமும் இல்லை.

ஆனால் அடி விழும்போது மட்டும் அவர்கள் பக்கம் வந்தது. நடுவர் மன்றம் 205 டி.எம்.சி. தண்ணீர் விட வேண்டும் என்று 1991-இல் இடைக்காலத் தீர்ப்பு கொடுத்தது. அந்த டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, குடிசை எரிந்து ஓடியவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போன ஏழைகள். டெல்டாவில் ஒரு ஏக்கர் கூட இல்லாதவர்கள் டெல்டாவின் தண்ணீருக்காக அடி வாங்கினார்கள். "காவிரி எங்கள் உயிர்" என்று கோஷம் போடும் எந்த மேடையிலும் இந்த வாக்கியம் சொல்லப்படுவதில்லை. நாம் சொல்லியாக வேண்டும்.

நெல்லுக்கூலியும் காசுக்கூலியும்

தங்கவயலைச் சாவுக்குழி என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மறு பாதி நமக்குப் பெருமை தருவது, யோசிக்கவும் வைப்பது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ஒரு பைசாத் தமிழன் இதழை வாங்கிப் படித்தவர்களிலும் பணம் அனுப்பியவர்களிலும் தங்கவயல் தொழிலாளர்களுக்குப் பெரிய இடம் உண்டு. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. 1914-இல் பண்டிதர் மறைந்து, இதழும் நின்றுபோன பிறகு, 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தமிழன் மறுபடி வந்தது தங்கவயலிலிருந்துதான். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காப்பாற்றியதும் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. இன்று பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து நாம் அயோத்திதாசரை ஆய்வு செய்கிறோம் என்றால், அதற்கு ஒரு காரணம் பூமிக்கு அடியில் வேலை செய்துவிட்டு மேலே வந்து சந்தா கொடுத்த அந்த மனிதர்கள். பிறகு அதே மண்ணில் கம்யூனிஸ்டுகளும் அம்பேத்கரின் குடியரசுக் கட்சியும் வேரூன்றினார்கள். சி.எம். ஆறுமுகம் போன்ற குடியரசுக் கட்சித் தலைவர்களைத் தங்கவயல் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

இது ஏன் அங்கே நடந்தது, ஏன் கீழத்தஞ்சையில் அந்த அளவுக்கு நடக்கவில்லை? நம் மக்களுக்கு அறிவோ துணிவோ குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் கருத்தில் பெரிய காரணம் கூலியின் வடிவம். தங்கவயலில் கூலி காசாக வந்தது. கம்பெனி கருணையோடு கொடுத்த காசு அல்ல அது. கொடுத்தால்தான் ஆள் குழிக்குள் இறங்குவான் என்பதால் கொடுத்தது. ஆனாலும் காசு காசுதான். அதில் பத்திரிகை வாங்கலாம், பள்ளிக்கூடம் வைக்கலாம், அச்சுக்கூடத்துக்குச் சந்தா கொடுக்கலாம். சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனால் திங்கட்கிழமை வீட்டைக் கொளுத்த ஆண்டை பக்கத்தில் இல்லை.

தஞ்சையில் கூலி நெல்லாக வந்தது. படியால் அளந்து போட்ட நெல் அன்றைய அடுப்புக்கே போதாது. மனை பண்ணையார் மனை. கடன் பண்ணையார் கடன். சட்டப்படி 1843-இல் அடிமை முறை ஒழிந்துவிட்டது. ஆனால் 1940-களில் கூடக் கீழத்தஞ்சையில் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்தன, அவற்றை எதிர்த்துத்தான் பி. சீனிவாசராவ் தலைமையில் சங்கம் கட்ட வேண்டியிருந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தால். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்களுடைய ஊர் செய்த குற்றம் கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும், கையில் இருந்த செங்கொடியை இறக்க மறுத்ததும். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்காரர்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

தங்கவயலிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1946 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆக, காசுக்கூலி விடுதலை அல்ல. அது ஒரு கதவு. அந்தக் கதவு திறந்த இடத்தில் நம் மக்கள் முதலில் வாங்கியது எழுத்து. இதை மாணவர்கள் மறக்கக் கூடாது.

குழி மூடிய பிறகு

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் ஒன்றிய அரசு எடுத்தது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆனது. தாது குறைந்தது, செலவு கூடியது, நட்டம் என்றார்கள். 2001 பிப்ரவரி கடைசியில் மூடினார்கள். நூற்றிருபது ஆண்டில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் கொடுத்த மண் அது. மூடியபோது தொழிலாளிக்கு மிஞ்சியது லைன் வீடு, அதுவும் பட்டா இல்லாமல். நிலுவைத் தொகைக்கும் வீட்டுரிமைக்கும் அன்று தொடங்கிய அலைச்சல் ஒரு தலைமுறையைத் தின்றுவிட்டது. பிள்ளைகள் விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கையால் மலம் அள்ளும் கொடுமை தங்கவயலில் தொடர்ந்தது 2011-இல் நடந்த சாவுகளுக்குப் பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில் இறங்கியவர்களின் சந்ததியை நாடு கடைசியில் மலக்குழிக்குள் இறக்கியது.

ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடப்பது சயனைடு கலந்து தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண். காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும். அந்த மேடுகளிலும் கொஞ்சம் தங்கம் மிச்சம் இருக்கிறது. 2024-இல் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கர் அளவுக்குப் பரந்து கிடக்கும் 13 கழிவு மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தூசியை இருபது முப்பது ஆண்டு மூச்சாக இழுத்தவர்களுக்கு அந்தத் தங்கத்தில் என்ன பங்கு? வேலை வாய்ப்பு வரும் என்கிறார்கள். வேலை மட்டும்தான் நமக்கு, உரிமை எப்போதும் வேறு யாருக்கோ என்பதைத்தான் 1880-லும் சொன்னார்கள்.

டெல்டாவுக்கு இதில் என்ன பாடம்? நம் மண்ணுக்கு அடியிலும் புதையல் இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். எண்ணெயும் எரிவாயுவும் பழுப்பு நிலக்கரியும். மன்னார்குடி மீத்தேன் திட்டம், 2017-இல் நெடுவாசல், கதிராமங்கலம், 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி நிலக்கரி ஏலப் பட்டியல் என்று ஒவ்வொன்றையும் மக்கள் போராடி நிறுத்தினார்கள் அல்லது தள்ளிப்போட்டார்கள். நாமும் அந்தப் போராட்டங்களில் நின்றோம், இனியும் நிற்போம். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கும் சட்டம் வந்ததும் அந்தப் போராட்டங்களின் பலன்தான்.

ஆனால் அந்தச் சட்டம் நிலத்தைக் காப்பாற்றுகிறது. நிலம் இல்லாதவரை? 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்ட மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். பழைய நாகை மாவட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். நெல்லை விளைவிக்கும் உழைப்பில் பெரும்பங்கு அவர்களுடையது, நிலத்தில் பெரும்பங்கு மற்றவர்களுடையதும் கோயில் மடங்களுடையதும். மேட்டூர் திறக்காவிட்டால் வறட்சி நிவாரணம் ஏக்கர் கணக்கில் வரும், பயிர்க் காப்பீடு ஏக்கர் கணக்கில் வரும். ஏக்கர் இல்லாதவளின் நட்டத்தை அளக்க அரசிடம் படியே இல்லை. தண்ணீர் வந்தாலும் நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். வேலை நாள் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளாவுக்கும் போகும் நம் பிள்ளைகளும் மாரிக்குப்பத்தில் ரயிலேறும் பிள்ளைகளும் ஒரே பயணத்தில்தான் இருக்கிறார்கள். தங்கவயலில் சுரங்கத்தை மூடினார்கள், இங்கே வயலைத் திறந்து வைத்துக்கொண்டே ஆளை மூடுகிறார்கள்.

"சாதியைப் பேசி டெல்டாவின் ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள், முதலில் மண்ணைக் காப்போம்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் கவலை பொய் அல்ல. ஆனால் மண் காப்பாற்றப்பட்ட பிறகு பங்கு தருவோம் என்று யாரும் எங்கேயும் எழுதிக் கொடுத்ததில்லை. தங்கவயலில் கம்பெனியிடமிருந்து அரசு சுரங்கத்தை வாங்கியபோது "இனி இது மக்கள் சொத்து" என்றார்கள். அரை நூற்றாண்டு கழித்து அந்த மக்கள் குடியிருந்த வீடு கூட அவர்கள் சொத்து இல்லை என்று தெரிந்தது. உரிமையைப் போராட்டத்தின் நடுவிலேயே எழுதி வாங்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் கேட்பவன்தான் ஒற்றுமையைக் கெடுப்பவன்.

ஆகவே இனி டெல்டாவில் நடக்கும் ஒவ்வொரு காவிரி மாநாட்டிலும், எரிவாயு எதிர்ப்புக் கூட்டத்திலும் நாம் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். வறட்சியிலும் வெள்ளத்திலும் விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு, நிலத்தோடு சம்பந்தப்படுத்தாமல், குடும்பக் கணக்கில் நிவாரணம். வாய்க்கால் கரையிலும் கோயில், மட நிலத்திலும் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு வீட்டு மனை உரிமை. 1971-இல் குடியிருப்புச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூன்றாவது, குத்தகைக்குப் பயிர் செய்யும் தலித் குடும்பங்களின் பெயர் கிராமக் கணக்கில் ஏற வேண்டும். காப்பீடும் கடனும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வருகின்றன. இவற்றை ஏற்காத கூட்டத்திலும் நாம் எரிவாயுவை எதிர்த்துப் பேசலாம். ஆனால் நம் பெயரில் அந்தக் கூட்டம் பேச முடியாது.

மாணவர்களுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் தெருவில் மலாயாவுக்குப் போனவர் யார், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர் யார், எந்தப் பண்ணையில் யார் எத்தனை ஆண்டு இருந்தார்கள், எவ்வளவு நெல் கூலி வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எண்பது வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர், ஊர், ஆண்டு, கூலி என்று நான்கு பத்தி போட்ட ஒரு நோட்டு போதும். முடிந்தால் ஒரு விடுமுறையில் ரயிலேறித் தங்கவயலுக்கும் போய்வாருங்கள். அங்கேயும் நம் தமிழ் பேசும் பிள்ளைகள் இதே வேலையைச் செய்யத் தயாராக இருப்பார்கள். இரண்டு நோட்டையும் சேர்த்து வையுங்கள்.

அரைக் கழஞ்சுப் பொன்னைக் கூட விடாமல் எழுதிய நாடு இது. அது விட்ட பெயர்களை நாம் எழுதுவோம்.

ஜெய் பீம்.